நீலக் காலுறைச் சங்கம்: ஜப்பானிய மாதர் எழுதிவைத்த சாட்சியம்

ஜப்பான் என்னும் பெயருக்கு நம்மவர் நடுவே பெருமதிப்பு ஏற்பட்டது 1905-ம் வருஷத்திலேயாகும். ஆசியாவிலுள்ள ஒரு தேசம் ருஷியப் பேரரசைக் கடலிலும் நிலத்திலும் முறியடித்தது என்ற செய்தி வந்தபோது, அடிமைத்தளையில் கிடந்த பாரத நாட்டின் பத்திரிகைகள் பூரித்துப் போயின. ஜப்பானின் கப்பற்படையைப் பற்றியும், தொழிற்சாலைகளைப் பற்றியும், கல்விமுறையைப் பற்றியும் அன்று எழுதப்பட்டவை அநேகம். ஆனால் அந்தப் படைவீரர்களின் தாய்மாரும் தமக்கைமாரும் மனைவிமாரும் எந்த நிலையில் இருந்தார்கள் என்று கேட்டவர் மிகச் சிலரே. அப்பெண்களில் சிலர் தாங்களே பேனாவை எடுத்துத் தங்கள் நிலையை எழுத முன்வந்தபோது நடந்தது என்ன என்பதை இங்கே எடுத்துக் கூற விரும்புகிறோம். அரசியல் வேலையில் ஈடுபட்டுள்ள அன்பர்கள் இதைச் சிறிது பொறுமையுடன் படிக்க வேண்டுகிறோம். இது ஓர் இலக்கியச் சங்கத்தின் கதையேயாயினும், இதில் ராஜாங்கமும், சட்டமும், போலீஸும், இறுதியில் கொலையும் கூட வருகின்றன.

சட்டம் விதித்த நிலை

அக்காலத்து ஜப்பானில் பெண்களின் நிலையை முக்கியமாக இரண்டு சட்டங்கள் நிர்ணயித்தன. ஒன்று, 1898-ல் அமலுக்கு வந்த சிவில் சட்டம். அதன்படி குடும்பம் ஒரு சிறு ராஜ்யம். குடும்பத் தலைவனே அதன் அரசன். குடும்பத்திலுள்ளவர்கள் விவாகம் செய்துகொள்ள அவனுடைய சம்மதம் வேண்டும். மணமான ஸ்திரீ தன் புருஷனின் அனுமதியின்றிக் கடன் வாங்கவோ, நிலத்தை விற்கவோ, வழக்குத் தொடுக்கவோ முடியாது. தண்டனைச் சட்டமும் இதற்கு இசைவாகவே அமைந்திருந்தது. மனைவி பிறனை நாடினால் அது சிறைத்தண்டனைக்குரிய குற்றம்; புருஷன் அதே காரியத்தைச் செய்தால், அவன் நாடியவள் வேறொருவன் மனைவியாக இருந்தாலன்றிக் குற்றமில்லை.

மற்றொன்று, 1900-ம் வருஷத்துப் பொது அமைதிப் போலீஸ் சட்டம். அதன் ஐந்தாவது பிரிவு, ஸ்திரீகள் அரசியல் கட்சிகளில் சேரக்கூடாது என்று விதித்ததோடு நில்லாமல், அரசியல் கூட்டங்களுக்குப் போகவும் கூடாது என்று தடுத்தது. மேடையேறிப் பேசுவது ஒருபுறமிருக்க, ஒரு மூலையில் உட்கார்ந்து பிறர் பேசுவதைக் கேட்பதும் குற்றமாயிற்று. இவ்விஷயத்தில் வயதுவந்த ஸ்திரீயும் பள்ளிக்கூடத்துச் சிறுவனும் ஒன்றாகவே வைக்கப்பட்டனர்.

அரசியலின் கதவு இவ்வாறு அடைக்கப்பட்டபின் படித்த பெண்களுக்குத் திறந்திருந்த வழி ஒன்றே ஒன்று. அது இலக்கியம். கவிதையும் கதையும் கட்டுரையும் எழுதுவதைச் சட்டம் தடுக்கவில்லை. அவற்றால் என்ன அபாயம் வந்துவிடப் போகிறது என்று சர்க்கார் எண்ணியிருக்க வேண்டும்.

சங்கத்தின் தோற்றம்

1911-ம் வருஷம் செப்டம்பர் மாதத்தில் டோக்கியோ நகரிலிருந்து 'ஸெய்ட்டோ' என்னும் மாதப் பத்திரிகை வெளிவந்தது. அச்சொல்லுக்கு 'நீலக் காலுறை' என்று பொருள். பதினெட்டாம் நூற்றாண்டில் லண்டன் நகரத்துச் சீமாட்டிகள் சிலர் கூடி இலக்கியம் பேசிய சபைக்கு அப்பெயர் வழங்கியது. பின்னர் படித்த பெண்களைப் பரிகசிக்கும் சொல்லாகவும் அது ஆயிற்று. பிறர் எப்படியும் பரிகசிக்கப் போகிறார்கள், ஆகையால் நாமே அப்பெயரை வைத்துக்கொள்வோம் என்று ஜப்பானியப் பெண்கள் முந்திக்கொண்டனர். பெயரையும், பத்திரிகை நடத்தும் யோசனையையும் கூறியவர் இகுட்டா சோக்கோ என்னும் இலக்கிய விமர்சகர்.

சங்கத்தை ஸ்தாபித்தவர் ஐவர். ஹிரட்ஸுகா ராய்ச்சோ, யஸுமோச்சி யோஷிகோ, மோஸுமே கஸுகோ, கியுச்சி டெய்கோ, நகானோ ஹட்ஸுகோ என்பது அவர்களுடைய பெயர்கள். தலைமையாக நின்றவர் ராய்ச்சோ. இவருடைய இயற்பெயர் ஹாரு. ராய்ச்சோ என்பது உயர்ந்த பனிமலைகளில் வாழும் ஒரு பறவையின் பெயர். 1886-ல் பிறந்தவர், சர்க்கார் உத்தியோகஸ்தர் ஒருவரின் மகள், டோக்கியோவிலுள்ள ஜப்பான் மாதர் கலாசாலையில் பயின்று 1906-ல் வெளியேறியவர், ஜென் முறையில் தியானம் பழகியவர். பத்திரிகை தொடங்கியபோது அவருக்கு வயது இருபத்தைந்து.

அச்சுக்கூலிக்குப் பணம் எங்கிருந்து வந்தது? மகளின் கலியாணத்திற்கென்று ஒதுக்கி வைத்திருந்த தொகையிலிருந்து தாயார் நூறு யென் எடுத்துக் கொடுத்தார். அந்தத் தாயாரின் பெயர் பத்திரிகையின் எந்தப் பக்கத்திலும் வரவில்லை. ஆயினும் அவர் கொடுத்த பணமன்றோ முதல் ஆயிரம் பிரதிகளையும் அச்சேற்றியது?

முதல் இதழின் மேலட்டைச் சித்திரத்தை வரைந்தவர் நகனுமா சியேகோ என்னும் இளம்பெண். முதற்பக்கத்தில் இடம்பெற்ற கவிதையை இயற்றியவர் யோஸானோ அகிகோ. ருஷிய யுத்தத்தில் தேசமே வெற்றிக்களிப்பில் மூழ்கியிருந்த 1904-ல், போர்க்களத்தில் இருந்த தம் தம்பியை நோக்கி, உயிரை இழந்துவிடாதே என்று வேண்டிப் பாடல் எழுதித் தேசத்துரோகி என்ற பட்டத்தைச் சுமந்தவர் இவரே. நாம் தூரத்திலிருந்து ஜப்பானின் வெற்றியைக் கொண்டாடிக்கொண்டிருந்த காலத்தில், அந்நாட்டுப் பெண் ஒருத்தி இப்படி எழுதினாள் என்பது இங்கே பலருக்குத் தெரியாது. பெரும் நாவலாசிரியரான மோரி ஓகாயின் மனைவியாரும் சகோதரியாரும் சங்கத்தை ஆதரித்தவர்களில் இருந்தனர்.

முதல் இதழில் ராய்ச்சோ எழுதிய பிரகடனம், ஆதியில் பெண் சூரியனாயிருந்தாள் என்ற தலைப்பை உடையது. ஒரே இரவில் எழுதி முடித்ததாக அவர் பிற்காலத்தில் கூறியிருக்கிறார். அதை வாசிக்கும் அரசியல்வாதிகளுக்கு முதலில் ஏமாற்றமே உண்டாகும். வோட்டுரிமை வேண்டும், உத்தியோகம் வேண்டும் என்ற கோரிக்கைகளை அதில் காணமுடியாது. அவையெல்லாம் சாதனங்களே, பெண் தன்னுள் மறைந்து கிடக்கும் மேதையைத் தானே கண்டுகொள்வதுதான் முடிவான நோக்கம் என்பது அதன் சாரம். சங்கத்தின் விதிகளிலும் 'பெண்களின் விழிப்பு' என்று முதலில் எழுத எண்ணியிருந்த இடத்தில், 'பெண்களின் இலக்கிய அபிவிருத்தி' என்றே எழுதிக்கொண்டனர். அவர்கள் அரசியலைத் தேடிப் போகவில்லை. அரசியல்தான் அவர்களைத் தேடிக்கொண்டு வந்தது.

ஒரு கதையும் போலீஸாரும்

1912-ம் வருஷம் ஏப்ரல் மாதத்து இதழில் அராகி இகுகோ என்பவர் 'கடிதம்' என்று ஒரு சிறுகதை எழுதினார். மணமான ஸ்திரீ ஒருத்தி தன் காதலனுக்கு எழுதும் கடிதமே கதை. சங்கத்தின் காரியாலயம் அப்போது மோஸுமே கஸுகோவின் வீட்டில் இருந்தது. அவருடைய தந்தையார் தேசமறிந்த பண்டிதர். அந்த வீட்டு வாசலுக்குப் போலீஸார் வந்து பத்திரிகையின் பிரதிகளைப் பறிமுதல் செய்துகொண்டு போனார்கள். ஒரு பண்டிதர் வீட்டில் போலீஸ் நுழைவதென்றால் அது சாதாரண அவமானமா? தந்தையார் சினங்கொண்டு, காரியாலயம் உடனே வெளியேற வேண்டும், மகளும் சங்கத்தை விட்டு விலக வேண்டும் என்று உத்தரவிட்டார். காரியாலயம் ஒரு பௌத்த ஆலயத்தின் அறைக்கு மாறிற்று. மகள் விலகினாள், ஆனால் புனைபெயரில் எழுதுவதை விடவில்லை.

அரசியலைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லாத கதையைச் சர்க்கார் ஏன் தடுத்தது என்று யோசித்துப் பார்க்க வேண்டும். சிவில் சட்டமும் தண்டனைச் சட்டமும் கட்டிவைத்த குடும்ப ராஜ்யத்திற்குள் ஒரு பெண்ணின் மனம் எப்படி இயங்குகிறது என்பதை அக்கதை வெளிப்படுத்திற்று. குடும்பமே ராஜாங்கத்தின் அஸ்திவாரம் என்று சர்க்கார் கொண்டிருந்தபடியால், அந்த அஸ்திவாரத்தைத் தொடுகிற எழுத்து எதுவாயினும் அதற்கு ராஜத்துரோகமாகவே தோன்றியது. எது அரசியல், எது அரசியலன்று என்ற எல்லைக்கோட்டைப் பெண்கள் அழிக்கவில்லை, போலீஸாரே அழித்துவிட்டனர்.

1913-ம் வருஷம் பிப்ரவரி மாதத்து இதழும் தடைசெய்யப்பட்டது. இம்முறை காரணமாயிருந்தது புகுடா ஹிடேகோ எழுதிய கட்டுரை. சொத்தெல்லாம் பொதுவாகும் முறை வந்தாலன்றிப் பெண்ணுக்கும் விடுதலையில்லை, ஆணுக்கும் விடுதலையில்லை என்று அவர் எழுதியிருந்தார். அதே வருஷம் ஏப்ரலில் ராய்ச்சோ, பெண்ணுக்கு விவாகமும் பிள்ளைப்பேறுமே ஏக தர்மமா என்று கேட்டு ஒரு கட்டுரை வெளியிட்டார். 'நல்ல மனைவி, அறிவுள்ள தாய்' என்பதே பெண்கல்வியின் லட்சியம் என்று சர்க்கார் பாடசாலைகளில் போதித்துவந்த காலம் அது. சங்கத்தாரைப் போலீஸ் தலைமைக் காரியாலயத்திற்கு அழைத்து எச்சரித்தனர். அக்கட்டுரையைச் சேர்த்து ராய்ச்சோ வெளியிட்ட 'வட்ட ஜன்னலிலிருந்து' என்ற நூலும் தடைக்கு உள்ளாயிற்று. அவர் அக்கட்டுரையை நீக்கிவிட்டு, எஞ்சியவற்றை வேறொரு பெயரில் வெளியிட்டார். புதிய பெயர் என்ன தெரியுமா? 'தாழிட்ட ஜன்னலருகே' என்பதுதான்.

இயக்கத்திற்குள்ளிருந்து ஒரு சாட்சியம்

புகுடா ஹிடேகோவைப் பற்றி இங்கே சற்று விரிவாகக் கூற வேண்டும். இவர் சங்கத்தின் இளம்பெண்களைவிட ஒரு தலைமுறை மூத்தவர். மக்கள் உரிமை இயக்கத்தில் சேர்ந்து, 1885-ல் வெடிமருந்தைச் சுமந்துகொண்டு ஓஸாகாவிலிருந்து நாகஸாகி வரை சென்று, அங்கே பிடிபட்டுச் சிறைவாசம் செய்தவர். அப்போது அவருக்கு வயது இருபது. 1904-ல் அவர் வெளியிட்ட 'என் பாதி வாழ்க்கை' என்னும் சுயசரிதை, நவீன ஜப்பானில் ஒரு பெண் எழுதிய ஆரம்பகாலச் சுயசரிதைகளில் முக்கியமானது.

அந்நூலில் அவர் சிறையின் கொடுமையை மட்டும் கூறவில்லை. தேச விடுதலைக்கென்று திரட்டிய பணத்தைத் தோழர்கள் சிலர் தாசிகளின் வீடுகளில் செலவிட்டதைக் கண்டு தம் மனம் உடைந்ததையும் கூறியிருக்கிறார். இயக்கத்தின் தலைவர் ஒருவர் தம்மை ஏமாற்றிவிட்டதையும், அவரால் பெற்ற குழந்தையைத் தாமே சுமந்து வளர்த்ததையும் கூறியிருக்கிறார். எந்த அரசியல் இயக்கத்தின் அதிகாரபூர்வமான சரித்திரத்திலேனும் இத்தகைய பக்கங்கள் இடம்பெற்றதுண்டா? இயக்கத்தை எதிரிகள் தூற்றுவது வேறு. அதற்காகச் சிறைசென்ற ஒருத்தி எழுதுவது வேறு. முன்னதை அலட்சியம் செய்யலாம். பின்னதைச் செய்ய முடியாது.

ராய்ச்சோவின் அனுபவமும் இதனோடு ஒப்பிடத்தக்கது. சங்கம் தோன்றுவதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன், 1908-ல், மோரிடா ஸோஹெய் என்னும் எழுத்தாளரும் அவரும் உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணத்துடன் மலைப்பகுதிக்குச் சென்று, போலீஸாரால் மீட்கப்பட்டனர். பத்திரிகைகள் அதைப் பெரிய அவதூறாக்கின. ராய்ச்சோவின் பெயர் கலாசாலையின் பழைய மாணவியர் சங்கத்திலிருந்து நீக்கப்பட்டது. மோரிடாவோ அடுத்த வருஷமே அந்நிகழ்ச்சியை 'புகை' என்ற நாவலாக்கி ஒரு பெரிய தினசரியில் தொடர்ந்து எழுதிப் புகழ் பெற்றார். ஒரே நிகழ்ச்சி ஆணுக்கு இலக்கியமாயிற்று, பெண்ணுக்கு இழுக்காயிற்று. அவளுடைய மனத்தில் என்ன இருந்தது என்று அவன் எழுதினான். அவள் எழுதியதை உலகம் படிக்கப் பல்லாண்டுகள் சென்றன. பெண்கள் தங்கள் கதையைத் தாங்களே எழுதவேண்டிய அவசியம் யாது என்று கேட்பவர்களுக்கு இதைவிட வேறு விடை வேண்டுவதில்லை.

பசியும் கற்பும்

சங்கத்தார் எழுதியவற்றில் மிகுந்த விவாதத்தை எழுப்பியவை, சொந்த அனுபவத்தை மறைக்காமல் கூறிய கட்டுரைகளே. 1914 பிப்ரவரி இதழில் ராய்ச்சோ தம் பெற்றோருக்கு எழுதிய கடிதத்தை அப்படியே வெளியிட்டார். ஒகுமுரா என்னும் இளம் சித்திரக்காரருடன் சட்டபூர்வமான விவாகமின்றி வாழப்போவதாகவும், பெண்ணை அடிமையாக்கும் ஒரு சட்டத்திற்குத் தாமே மனமொப்பிக் கையெழுத்திட இயலாதென்றும் அதில் தெரிவித்திருந்தார். இம்முடிவைச் சரியென்று கொள்ளாதவர்களும், அது மறைவில் நடக்கவில்லை, தன் பெயரைக் கீழே எழுதிச் செய்யப்பட்டது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

அதே ஆண்டில் சங்கத்தைச் சேர்ந்த இகுட்டா ஹனயோ வேறொரு பத்திரிகையில் ஒரு கட்டுரை எழுதினார். வேலை செய்த இடத்தில் எஜமானனின் இச்சைக்கு இணங்க நேர்ந்ததையும், தானும் தம்பியும் பட்டினி கிடவாதிருக்க வேறு வழி தோன்றாததையும் அவர் வெளிப்படையாகக் கூறினார். பெண்ணுக்குச் சொத்தில்லை, தகுந்த ஊதியமில்லை. இந்நிலையில் பசியும் கற்பும் எதிரெதிரே நின்றால் எதைத் தேர்ந்தெடுப்பது என்பது அவருடைய கேள்வி. அதே சங்கத்தைச் சேர்ந்த யஸுடா ஸாட்ஸுகி, 'ஸெய்ட்டோ'வின் டிசம்பர் இதழில் அதைக் கடுமையாகக் கண்டித்தார். எந்த நிலையிலும் பெண் தன்னைத் துண்டாடி விற்கலாகாது என்றார் அவர். பின்னர் இட்டோ நோயேயும் ராய்ச்சோவும் விவாதத்தில் புகுந்தனர். ஆண்களுக்கு இல்லாத கற்பைப் பெண்ணிடம் மட்டும் கேட்பது என்ன நியாயம் என்ற கேள்வி அங்கே எழுந்தது.

கண்டித்து எழுதிய ஸாட்ஸுகியே 1915 ஜூன் இதழில், கருவைக் கலைத்த குற்றத்திற்காகச் சிறையிலிருக்கும் ஒரு பெண் தன் காதலனுக்கு எழுதும் கடிதமாக ஒரு கதை எழுதினார். அந்த இதழையும் சர்க்கார் தடைசெய்தது. இவ்விஷயங்களில் நேயர்கள் எந்த அபிப்பிராயம் கொண்டாலும் கொள்ளட்டும். நாம் கவனிக்க வேண்டியது வேறொன்று. ஓர் அடிமைத்தனத்தை எதிர்த்து நின்றவர்கள் தங்களுக்குள் ஒத்த அபிப்பிராயம் இருப்பதாக வேஷம் போடவில்லை. ஒருவரை ஒருவர் பகிரங்கமாக மறுத்தனர். மறுத்தபின்னும் ஒரே பத்திரிகையில் எழுதினர். எத்தனை அரசியல் கட்சிகளுக்கு இந்தத் தைரியம் உண்டு?

பரிகாசமும் குற்றச்சாட்டும்

சங்கத்தார் குற்றமற்றவர்கள் என்று கூறுவதற்கில்லை. ஒட்டாகே கோகிச்சி என்னும் துடுக்கான இளம்பெண் பல வர்ணங்களில் கலந்த மதுவைப் பற்றிப் பத்திரிகையில் எழுதினார். 1912-ல் அவரும் ராய்ச்சோவும் நகானோ ஹட்ஸுகோவும் யோஷிவாரா என்னும் தாசிகள் பேட்டைக்குச் சென்று, ஒரு தாசியுடன் பேசியிருந்து திரும்பினர். தினசரிகள் இதைப் பிடித்துக்கொண்டன. குடிகாரிகள், ஆண்களைப்போல் திரிபவர்கள் என்று எழுதி, 'புதிய பெண்' என்ற சொல்லையே வசைச்சொல்லாக்கின. அந்தப் பேட்டைக்கு நாள்தோறும் போய்வந்த ஆயிரக்கணக்கான ஆண்களைப் பற்றி அப்பத்திரிகைகள் கவலைப்பட்டதில்லை. ஆயினும், விற்கப்பட்ட ஒரு பெண்ணின் துயரத்தை வேடிக்கை பார்க்கச் சென்றதுபோல் அது அமைந்துவிட்டது என்ற குற்றச்சாட்டில் உண்மை உண்டு.

சங்கத்தார் பெரும்பாலும் வசதியுள்ள வீட்டுப் பெண்கள் என்பதும் வாஸ்தவம். நூற்பாலைகளில் உழைத்த ஏழைப் பெண்களின் குரல் அப்பத்திரிகையில் மிகக் குறைவு. தாசிமுறையைப் பற்றி இட்டோ நோயே எழுதியதை, பிற்காலத்தில் யமகாவா கிகுயே என்று பெயர்பெற்ற அவோயாமா கிகுயே, 1916 ஜனவரி இதழில் தர்க்கபூர்வமாகக் கண்டித்தார். ஆசிரியையாயிருந்த நோயே தம்மைக் கண்டித்த கட்டுரையைத் தம் பத்திரிகையிலேயே அச்சிட்டு, அதற்குப் பதிலும் எழுதினார். அந்தக் கிகுயேயே 1947-ல் ஜப்பானியத் தொழில் மந்திரி இலாகாவில் பெண்கள், சிறுவர்கள் நலத்திற்காக ஏற்பட்ட பிரிவுக்கு முதல் தலைவரானார்.

சங்கத்தில் பெயர் பதிந்ததற்காகவே தண்டனை பெற்றவர்களும் உண்டு. காமிசிகா இச்சிகோ ஹிரோஸாகி நகரில் உபாத்தியாயினியாக இருந்தவர். சங்கத்தைச் சேர்ந்தவர் என்பது தெரிந்ததும் வேலையை இழந்தார். தாசிமுறையைத் தடுக்கும் சட்டம் 1956-ல் ஜப்பானிய பார்லிமெண்டில் நிறைவேறியபோது, அதற்காகப் பாடுபட்ட அங்கத்தினர்களில் அவரும் ஒருவர்.

இட்டோ நோயே

இட்டோ நோயே 1895-ல் தென்னாட்டில் கடலோரக் கிராமம் ஒன்றில் பிறந்தவர். வீட்டார் செய்துவைத்த விவாகத்தை ஏற்க மறுத்து டோக்கியோவுக்கு ஓடிவந்து, 1912-ல், பதினேழாம் வயதில் சங்கத்தில் சேர்ந்தார். 1913 பிப்ரவரியில் டோக்கியோவிலுள்ள கிறிஸ்தவ வாலிபர் சங்க மண்டபத்தில், பெரும்பாலும் ஆண்களே நிறைந்திருந்த சபையில் எழுந்து நின்று பேசினார். 1915 ஜனவரியில் ராய்ச்சோவிடமிருந்து பத்திரிகைப் பொறுப்பை ஏற்றார். இனிச் சங்கத்திற்கு விதிகள் இல்லை, எல்லாப் பெண்களுக்கும் பத்திரிகை திறந்திருக்கும் என்று அறிவித்தார். கைக்குழந்தையை வைத்துக்கொண்டே கட்டுரைகளைத் திருத்தினார். பணமும் ஆளும் இல்லாமல் 1916 பிப்ரவரி இதழோடு பத்திரிகை நின்றது. அதே ஆண்டில் சங்கத்தில் கழித்த நாட்களை 'இரைச்சல்' என்ற தலைப்பில் ஓஸாகா தினசரி ஒன்றில் நினைவுக் குறிப்புகளாக எழுதினார்.

1923 செப்டம்பர் 1-ந் தேதி டோக்கியோவைப் பெரும் பூகம்பம் அழித்தது. ஒழுங்கைக் காப்பாற்றுகிறோம் என்ற பெயரில் ராணுவப் போலீஸார் அந்நாட்களில் பலரைப் பிடித்தனர். செப்டம்பர் 16-ந் தேதி, நோயேயையும், அவருடன் வாழ்ந்த அராஜகவாதியான ஓஸுகி ஸகாயேயையும், ஓஸுகியின் ஆறு வயது மருமகனையும் பிடித்துச் சென்று கொன்று, உடல்களைக் கிணற்றில் போட்டனர். நோயேக்கு வயது இருபத்தெட்டு. கொலைக்குப் பொறுப்பாளியென்று தீர்மானிக்கப்பட்ட ராணுவ அதிகாரிக்குப் பத்து வருஷத் தண்டனை விதித்தனர். சுமார் மூன்று ஆண்டுகளில் விடுதலையும் செய்தனர். ஒரு பெண் கடிதம் எழுதும் கதையைத் தடுத்ததில் தொடங்கிய அதிகாரம் எங்கே போய் நின்றது பாருங்கள்!

விளைந்த பலன்

பத்திரிகை நின்றதனால் காரியம் நிற்கவில்லை. வோட்டுரிமையும் சட்டமும் வெறும் சாதனங்களே என்று 1911-ல் எழுதிய ராய்ச்சோ, அந்தச் சாதனங்கள் இன்றி ஓரடியும் வைக்க முடியாதென்பதை அனுபவத்தில் கண்டார். 1920-ல் இச்சிகாவா புஸாயே, ஒகு முமேயோ ஆகியவர்களுடன் சேர்ந்து 'புதிய மாதர் சங்க'த்தை நடத்தலானார். போலீஸ் சட்டத்தின் ஐந்தாவது பிரிவைத் திருத்த வேண்டுமென்று பார்லிமெண்டுக்கு மனுக் கொடுத்தனர். 1922-ல் பெண்கள் அரசியல் கூட்டங்களுக்குப் போகவும் கூட்டம் நடத்தவும் அனுமதி கிடைத்தது. கட்சியில் சேரும் தடையோ 1945 வரை நீடித்தது. 1946 ஏப்ரல் 10-ந் தேதி ஜப்பானியப் பெண்கள் முதன்முறையாக வோட்டளித்தபோது 39 ஸ்திரீகள் பார்லிமெண்டுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டனர். மறு ஆண்டில் பழைய குடும்பச் சட்டமும், மனைவியை மட்டும் தண்டித்த சட்டமும் ஒழிந்தன.

ஆனால் இடையில் ஒரு சிறு நிகழ்ச்சி உண்டு. சட்டத்திற்குக் கையெழுத்திட மாட்டேன் என்று 1914-ல் பகிரங்கமாக எழுதிய ராய்ச்சோ, 1941-ல் தம் விவாகத்தைப் பதிவு செய்துகொண்டார். யுத்த காலத்தில் ராணுவ சேவைக்குப் போகவேண்டிய மகன், முறைப்படி பிறவாதவன் என்று இழிவுபடுத்தப்படக் கூடாதென்பதே காரணம். இருபத்தேழு வருஷம் அசையாத உறுதியைப் பிள்ளையின் நலம் அசைத்துவிட்டது. தம்மைத் துன்புறுத்தும் சட்டத்தைத் தாங்கிக்கொண்டவர்கள், தம் மக்களைத் துன்புறுத்தும்போது தலைவணங்குவது எங்கும் உள்ளதே. சட்டத்தை மாற்றாமல் தனிமனிதரின் வீரத்தை மட்டும் நம்பியிருக்கலாகாது என்பதற்கு இதனினும் சிறந்த உதாரணம் கிடைக்காது.

ராய்ச்சோ 1971-ல், எண்பத்தைந்தாம் வயதில் காலமானார். அவருடைய சுயசரிதை 1971 முதல் 1973 வரையில் நான்கு பாகங்களாக வெளிவந்தது. அதன் முற்பகுதி 2006-ல் ஆங்கிலத்திலும் கிடைக்கலாயிற்று. தாயார் கொடுத்த நூறு யென்னைப் பற்றி நாம் இன்று அறிவது அச்சுயசரிதையினாலேயே. எந்தச் சர்க்கார் தஸ்தாவேஜியிலும் அந்தக் கணக்கு எழுதப்படுவதில்லை.

நமக்கு ஒரு வார்த்தை

நாலரை ஆண்டுகளில் ஐம்பத்திரண்டு இதழ்கள். செழிப்பான காலத்திலும் சுமார் மூவாயிரம் பிரதிகள். ஒரு தினசரியின் கணக்குப்படி பார்த்தால் இது ஒன்றுமில்லை. ஆயினும் அந்தச் சிறு பத்திரிகையின் எழுத்துக்களை நீக்கிவிட்டு நவீன ஜப்பானின் சரித்திரத்தை எழுத இன்று எவராலும் முடியாது. காரணம் என்னவெனில், மந்திரிகளின் அறிக்கைகளிலும் தலைவர்களின் பிரசங்கங்களிலும் இல்லாத ஒரு விஷயம் அவற்றில் இருக்கிறது. அதிகாரம் வீட்டுக்குள் நுழைந்து, அடுப்பங்கரை வரையில் வந்து, ஒரு மனிதப்பிறவியின் மனத்தின்மேல் எப்படி உட்காருகிறது என்பதை அவை கூறுகின்றன.

சுதந்திரத்தைப் பற்றி நாம் மேடைகளில் அதிகம் பேசுகிறோம். கூட்டம் முடிந்து இரவில் வீடு திரும்புகிறபோது, கதவைத் திறந்துவிடுகிறவள் அந்தப் பேச்சைக் கேட்டிருக்கிறாளா? கேட்டிருந்தால் என்ன எண்ணினாள்? அவள் எழுதினால் நம்முடைய பெயர் அதில் எப்படி வரும்? புகுடா ஹிடேகோவின் தோழர்கள் இக்கேள்வியைத் தங்களைத் தாங்களே கேட்டுக்கொள்ளவில்லை. ஆகவே விடையை அவர் எழுதிவைத்துவிட்டுப் போனார். நம் பாட்டிமாரும் தாய்மாரும் எழுதிய கடிதங்களும், வரவு செலவுக் கணக்கின் ஓரங்களில் குறித்த வரிகளும் எத்தனையோ வீடுகளில் பழைய பெட்டிகளில் கிடக்கின்றன. அவற்றைச் செல்லுக்கு இரையாக்காமல் எடுத்துப் படிப்பது இன்றைக்கே தொடங்கக்கூடிய வேலை. அதற்குச் சட்டமும் வேண்டாம், சபையும் வேண்டாம். கேட்பதற்கு மனம் இருந்தால் போதும்.